நூற்றுப் பதிமூன்றாவது செல்

மதியச் சாப்பாடு முடிந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்ததுமே கோமளாவுக்குக் கழுத்தின் வலது பக்கம் நரம்பு இழுத்தது. இழுக்கட்டும், பத்தொன்பது வருஷமாக இழுக்கிற நரம்புதான். ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸை இறக்கி, திருகை மெல்லச் சுற்றினாள். புகையாகக் கிடந்த ஊதா நிறம் திரண்டு குச்சிகுச்சியாகப் பிரிந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. கணக்குச் சரி. ஒவ்வொன்றும் முழுசு. நூற்றுப் பத்தாவது செல், சேதமில்லை. தாளில் ஒரு சின்னக் கோடு போட்டாள். இந்தக் கடைசி ஸ்லைடில் நூற்றைம்பது எண்ண வேண்டும், இன்னும் நாற்பது பாக்கி. அதோடு இந்த வாயுவின் கதை முடிந்தது, அவளைப் பொறுத்தவரை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற இந்தக் கம்பெனிக்கு யார் யாரோ எதை எதையோ அனுப்புகிறார்கள், சாயம், பூச்சிமருந்து, தலைமுடிக்குத் தடவுகிற பசை. இது உயிருக்குக் கெடுதலா இல்லையா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். இப்போது வந்திருப்பது ஒரு வாயு. கப்பலேறப்போகிற கண்டெய்னர் பெட்டிகளில் வண்டு சாக உள்ளே விட்டு அடைக்கிற வாயு. எப்போதோ ஒரு வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து எடுத்த செல்கள், அந்த எலி செத்து எத்தனையோ வருஷம் ஆகியும் குப்பியில் பெருகிக்கொண்டே இருக்கிற செல்கள், அவற்றைக் குப்பியோடு மூடி அந்த வாயுவை விட்டிருக்கிறார்கள். ஒரு குப்பிக்குக் கொஞ்சம், ஒன்றுக்கு அதைவிட அதிகம், ஒன்றுக்கு வெறும் காற்று. பிறகு அந்தச் செல்கள் இரண்டாகப் பிரிகிற நேரத்தில் அப்படியே நிறுத்தி, ஸ்லைடில் சிதறவிட்டு, சாயம் ஏற்றினால் குரோமோசோம்கள் இப்படிக் குச்சிகளாகத் தெரியும். குச்சி உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது கோமளாவின் வேலை. இதை வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களுக்குப் பாதியில் கொட்டாவி வந்துவிடும்.

நூற்றுப் பதினொன்றைத் தேட வேண்டியிருந்தது. ஸ்லைடை மேலிருந்து கீழே நகர்த்தினாள், ஒன்றுமில்லை, பக்கத்து வரிசையில் கீழிருந்து மேலே, ஒன்றுமில்லை. பிரியாமல் உறைந்துபோன உருண்டைகள்தான் வரிசையாக வந்தன. ஏசி காற்று நேராகப் பிடரியில் அடித்தது. எந்த ஸ்லைடு எந்தக் குப்பியிலிருந்து வந்தது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பதால் மேலே வெறும் எண்தான் ஒட்டியிருக்கும். இதில் பதினேழு. பதினேழு என்றால் வெறும் காற்றாகவும் இருக்கலாம், மிக அதிக வாயுவாகவும் இருக்கலாம், தெரியாது என்பதுதான் சட்டம். ஆனால் பத்தொன்பது வருஷம் பார்த்த கண்ணுக்கு எதைக் கட்டி மறைப்பது. பிரிகிற செல் இவ்வளவு அரிதாக இருந்தால் அந்தக் குப்பி எதையோ தாங்க முடியாமல் தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். காற்று மட்டும் வாங்கிய செல்கள் இப்படி இருக்காது, அவை மழைக்குப் பிறகு ஈசல் மாதிரி மொய்க்கும். நூற்றுப் பத்தில் பதினோரு செல் உடைந்தது. ஒன்பதாம் எண் ஸ்லைடில் நூற்றைம்பதுக்கு இரண்டு. நாலாம் எண்ணில் ஒன்று. எதுவும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது. இதோ ஒன்று. குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன, எண்ண லாயக்கில்லை, விடு. அடுத்தது. முழுசு. நூற்றுப் பதினொன்று. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தால் தேவலை. எழுந்தால் திரும்ப வந்து உட்கார மனசு வராது. நூற்றுப் பன்னிரண்டு, அதுவும் முழுசு, நல்ல பிள்ளை மாதிரி விரல் விரித்துக்கொண்டு. அந்த வார்த்தை ஏன் இப்போது வந்தது. நல்ல குச்சி என்று சொல்லியிருக்கலாம்.

நாலு மாசத்துக்கு முன்னால் இந்தச் சோதனையின் திட்டத்தைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்து வைத்தபோது முதல் பக்கத்திலேயே வாயுவின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவள் வாரம் இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். தணிகாசலத்தின் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கொடுத்த மஞ்சள் டீ-சர்ட்டின் முதுகில் அதுதான் அச்சடித்திருக்கிறது. தணிகாசலம் அவள் புருஷன். மாதவரத்தில் வேலை. பெட்டிக்குள் சரக்கு ஏற்றி முடித்ததும் சிலிண்டரிலிருந்து குழாயைச் சொருகி வாயுவைத் திறந்துவிடுவது, கதவு இடுக்கில் டேப் ஒட்டுவது, மறுநாள் திறந்து காற்றாட விடுவது. பதினாறு வருஷமாக இதே வேலை. முகமூடி போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டால் போட்டுக்கொள்கிறேன் என்பான். மே மாச வெயிலில் தகரப் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு யார் முகமூடி போட்டுக்கொள்கிறார்கள், அது அவளுக்கும் தெரியும். ஒரு தடவை அவளே போய்ப் பார்த்தாள், சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனான் என்று எடுத்துக்கொண்டு. திறந்த பெட்டி வாசலில் நின்று பீடி பிடிக்கிற மாதிரி அவ்வளவு சாவகாசமாக ஒருத்தனோடு பேசிக்கொண்டிருந்தான். முகமூடி கழுத்தில் தொங்கியது. இவளைப் பார்த்ததும் அவசரமாக ஏற்றிப் போட்டுக்கொண்டு கையை ஆட்டினான். அதை நினைத்துச் சிரித்திருக்கிறாள், ரொம்ப நாள். திட்டத்தில் அந்தப் பெயரைப் படித்த அன்றைக்கு, சார், இது என் வீட்டுக்காரர் புழங்குகிற சாமான் என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஸ்லைடில் எண்தானே இருக்கும், என் கண்ணுக்கு யாரையும் தெரியாது என்று சமாதானம் பண்ணிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பேனா கொஞ்சம் மக்கர் பண்ணியது. ஒரு தடவை உதறிவிட்டுப் போட்டாள்.

நூற்றுப் பதிமூன்று. நல்ல செல். வட்டமாக, ஒன்றை ஒன்று தொடாமல், வகுப்பில் பாடம் நடத்தக் காட்டலாம் போல விரிந்திருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று எண்ணிக்கொண்டே வந்தவள் இடது ஓரத்தில் கிடந்த பெரிய குச்சியில் நின்றுவிட்டாள். அந்தக் குச்சியின் ஒரு கிளை, கை என்பார்கள், நடுவில் வெளுத்திருந்தது. சாயம் ஏறாத ஒரு துளி இடம். அந்தப் பக்கத் துண்டு அதே நேர்கோட்டில் இருக்கிறதா, கொஞ்சம் விலகியிருக்கிறதா. நேராக இருந்து, வெளுப்பும் சின்னதாக இருந்தால் அது கேப். வெறும் சாயக் குறையாகக்கூட இருக்கலாம், எழுதி வைக்கலாமே தவிர சேதக் கணக்கில் சேராது. துண்டு விலகியிருந்தால் பிரேக். உடைந்தது உடைந்ததுதான், கணக்கில் சேரும். திருகை மேலே ஏற்றினாள், இறக்கினாள். ஏற்றினால் விலகியிருக்கிற மாதிரி தெரிந்தது. இறக்கினால் நேராக இருக்கிற மாதிரி தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தாள். முதல் தடவை கரு கலைந்தது பத்தாவது வாரம். இரண்டாவது தடவை பதினாலு. மூன்றாவது ஐந்தாம் மாசம் முடிந்து, பெண் குழந்தை, நர்ஸ் துணி சுற்றிக் காட்டிவிட்டு உடனே எடுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் நாத்தனார் தேவகி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து, ரொம்ப அன்பாகத்தான், நீ அங்க என்னென்னமோ மருந்தைத் தொடுறியாமே, அதான் தங்க மாட்டேங்குது போல என்றாள். தேவகி சொல்வதற்கு முன்னாலேயே கோமளா அதை நினைத்தாகிவிட்டது. செல் பிரிவதை நடுவழியில் நிறுத்துகிற ஒரு மருந்து இருக்கிறது, ஒரு சொட்டு போதும். அதை அந்த வருஷங்களில் அவள்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையுறை போட்டுத்தான் ஊற்றினாள். ஆனால் ஒரு நாள் கையுறை விரல் நுனியில் கிழிந்திருந்தது. எந்த நாள், அப்போது எத்தனையாவது வாரம் என்று கூட்டிக் கழித்து எத்தனையோ மதியங்கள் போயின. தணிகாசலம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த வேலைய வுட்டுடேன் என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலாவது என்று ஒன்றை அவர்கள் முயற்சி பண்ணவில்லை. பண்ணுவதில்லை என்று பேசி முடிவெடுக்கவும் இல்லை. அது பாட்டுக்கு அப்படி ஆகிவிட்டது.

“ரஹ்மத், ஒரு நிமிஷம் இதப் பாரேன்” என்று கூப்பிட்டாள். அடுத்த மேஜையில் எண்ணிக்கொண்டிருந்த ரஹ்மத் நிஷா நாற்காலியோடு உருண்டு வந்தாள். இரண்டாவது ஆள் பார்த்துச் சொல்வது வழக்கம்தான், அதில் தப்பில்லை. குனிந்து பார்த்தவள் திருகைத் தொடாமலே, “கேப்தான்க்கா” என்றாள். “நல்லாப் பாரு, அந்தத் துண்டு தள்ளி இருக்குல்ல?” “எங்க தள்ளியிருக்கு? வளைவுல அப்டித் தெரியுது. சந்தேகமா இருந்தா கேப்னு போடுங்கக்கா, அப்டித்தானே எனக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்க.” “ஆமா.” “அப்றம் என்ன?” ரஹ்மத் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். “கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. போய் டீ குடிச்சிட்டு வாங்கக்கா, இது எங்கயும் ஓடிடாது.” உருண்டு தன் மேஜைக்குப் போய்விட்டாள். கேப். சரி, கேப் என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். இந்த ஒன்றைச் சேர்த்தாலும் விட்டாலும் முடிவு மாறப்போவதில்லை, பதினொன்று ஏற்கெனவே பதினொன்றுதான். எழுத வேண்டியதுதானே. பேனாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், மூடினாள். அந்தப் பதினொன்றில் எத்தனை தடவை சந்தேகம் வந்தது என்று மனசு திரும்பிப் போயிற்று. முப்பத்தெட்டாவது செல். அங்கே வெளுப்பு அகலம், சந்தேகமே இல்லை. ஐம்பத்திரண்டு? அதிலும் இப்படித்தான் ஏற்றி இறக்கினாள். பிரேக் என்று போட்டாள். எண்பத்தேழு? பிரேக். ஒன்றையாவது கேப் என்று விட்டாளா? தாளைத் திருப்பினாள். கேப் என்ற கட்டத்தில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் எந்த ஸ்லைடிலும் அவள் கை இப்படிப் போனதில்லை. கேப்தான் எப்போதும் அதிகம் இருக்கும்.

படி இருக்கிறது என்று நினைத்து வைத்த கால் வெறும் காற்றில் இறங்குகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இந்த வாயு கெடுதல் இல்லை என்று வர வேண்டும் என்றுதானே வேண்டிக்கொண்டிருந்தாள், இல்லையா? புருஷன் மூச்சில் பதினாறு வருஷம் போன சாமான் கெடுதல் என்று எந்தப் பெண்டாட்டி ஆசைப்படுவாள். திங்கட்கிழமை காலையில் பிள்ளையாரைத் தாண்டும்போது அதைத்தானே கேட்டாள். கேட்டாளா? நடந்ததும் கையெடுத்ததும் ஞாபகம் இருக்கிறது, என்ன கேட்டாள் என்று ஞாபகமில்லை. அந்தப் பக்கமாக நினைக்காதே, எண்ணு, நூற்றுப் பதினாலைத் தேடு. ஸ்லைடை நகர்த்த விரல் போகவில்லை. உடைந்திருக்க வேண்டும் என்றுதான் நீ பார்க்கிறாய். அது தெளிவாகவே வந்துவிட்டது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி. உடைந்திருந்தால் அது இந்த வாயு. இந்த வாயு என்றால் கிழிந்த கையுறை இல்லை. கிழிந்த கையுறை இல்லை என்றால் நீ இல்லை. பதினோரு கோடும் அதற்குத்தான் போட்டாய். இல்லை, முப்பத்தெட்டாவது நிஜமாகவே உடைந்ததுதான், சத்தியமாக. நிஜமாக உடைந்தது எத்தனை, நான் உடைத்தது எத்தனை? பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் தப்பிக்க வேண்டும் என்பதற்காக அந்த மனுஷன் உடம்புக்குள் போய் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருக்கிறேனா. மத்தியானம் போன் பண்ணி, இன்னா சாப்ட்ட, முருங்கக்கீரை நல்லா இருந்துச்சா என்று கேட்டான். நல்லா இருந்துச்சு என்றாள். பிடரியில் ஏசிக் காற்று. யாரோ வாஷ்பேசினில் குப்பிகளைக் கழுவுகிற சத்தம், வினிகர் மாதிரி அமில வாசனை. இன்னும் முப்பத்தேழு செல்லை எண்ணிக் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை எந்த எண் எந்தக் குப்பி என்று பிரித்துப் பார்ப்பார்கள், ரிப்போர்ட் போகும், எங்கோ யாரோ அதைப் படித்து, இந்த வாயு வேண்டும், வேண்டாம் என்பார்கள். அதில் அவள் கோடுகள் இருக்கும். சரியாக இருந்தாலும் அவளுக்கு அவை மேல் நம்பிக்கை இருக்காது. இனிமேல் எந்த ஸ்லைடிலும் இருக்காது. எத்தனையோ நாள் தூங்காத ஒரு களைப்பு தோளிலிருந்து இறங்கி விரல்வரைக்கும் வந்தது. விளக்கை அணைத்தாள். நூற்றுப் பதிமூன்றாவது செல் இருட்டில் போயிற்று. தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு டாக்டர் வேதமூர்த்தியின் அறைக்கு நடந்தாள்.

வேதமூர்த்திதான் இந்தச் சோதனைக்குப் பொறுப்பு. முழுக்கக் கேட்டார். கோமளா முழுக்கச் சொல்லவில்லை. புருஷனின் வேலையைச் சொன்னாள், கேப் கட்டத்தைக் காட்டினாள், என் கண்ணை நம்ப முடியவில்லை சார் என்றாள். குழந்தைகளைச் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நாலு மாசம் முன்னாடி சொல்லியிருக்கணும் கோமளா மேடம்.” “ஆமா சார்.” “அப்ப ஒரு வரி எழுதி வேற ஆளப் போட்ருப்பேன். இப்ப உங்க எட்டு ஸ்லைடும் புது நம்பர் ஒட்டி முதல்லேருந்து எண்ணணும். மூணு வாரம். வாயுவ அனுப்பினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” அவர் கத்துகிறவர் இல்லை, கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “இது எழுத்துல போகும். உங்க ஃபைல்ல இருக்கும்.” “சரி சார்.” “உக்காருங்க. ஒவ்வொரு தாள்லயும் குறுக்க ஒரு கோடு. அடியில காரணம், கையெழுத்து, தேதி. பழைய எழுத்து படிக்கிற மாதிரி இருக்கணும், தெரியும்ல?” தெரியும். தப்பானதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். அவர் மேஜை ஓரத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக அடித்தாள். எட்டு ஸ்லைடு, ஆயிரத்துக்கு மேல் செல், ஒன்றரை மாசத்துக் கழுத்து வலி. கடைசித் தாளில் நூற்றுப் பதிமூன்றுக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. அதையும் சேர்த்துக் கோடு போட்டாள். கதவு வரைக்கும் போனவளை அவர் கூப்பிட்டார். “உங்க வீட்டுக்காரர் எத்தன வருஷமா அங்க இருக்கார்?” “பதினாறு.” அவர் ஏதோ கேட்க வந்து கேட்காமல், “முகமூடி போட்டுக்கச் சொல்லுங்க” என்றார்.

ஐந்தரைக்கு எஸ்டேட் வாசலில் தணிகாசலம் பைக்கோடு நின்றிருந்தான். வெள்ளிக்கிழமை மட்டும் அவனே வந்து கூட்டிப்போவான். “இன்னா, மூஞ்சி வாடிக் கெடக்குது?” என்றான். ஒண்ணுமில்லை என்று ஏறி உட்கார்ந்தாள். பாடி மேம்பாலம் தாண்டினார்கள். லாரிகள் புகை கக்கிக்கொண்டு உரசிப் போயின. அவன் முதுகுக்கு நேராக அவள் முகம், சட்டையில் வெயிலும் வியர்வையும் கலந்த வாசனை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, கம்பெனி விஷயம் வெளியே போகக் கூடாது. சொல்வதற்கு என்ன விஷயம் இருக்கிறது, எண்ணியதெல்லாம் அடித்தாகிவிட்டது. ரெட்டேரி வந்ததும், “கொஞ்சம் நிறுத்துங்க” என்றாள். அவன் ஏரி ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். வாந்தி வருகிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். பிறகு சொன்னாள். வாயுவின் பெயரை, பதினோரு கோட்டை, அடித்த தாளை. கிழிந்த கையுறையைச் சொன்னது வாகனச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி பெட்ரோல் டேங்க் மேல் வைத்தான்.

“அப்ப அது கெடுதல்தானா?”

“தெரியாது. நான் பாத்தது செல்லாது. வேற ஆளு எண்ணணும். அப்படியே வந்தாலும் அது குப்பியில இருக்கற எலி செல்லு. உங்களுக்கு, நமக்கு என்ன ஆச்சுன்னு அத வெச்சிச் சொல்ல முடியாது.”

“இத்தினி வருசமா உன்னாலன்னு நெனச்சினு இருந்தியா?”

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவன் ஏரியைப் பார்த்தான். ஆகாயத்தாமரை படர்ந்து தண்ணீரே தெரியாமல் கிடந்தது. அவன் தாடை அசைந்தது, பல்லைக் கடிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நான் என்னாலன்னு நெனச்சினு இருந்தேன்” என்றான். “மூணாவதுக்கு அப்பறம் எங்க வேலையில ரெண்டு பேரு ஊட்லயும் அதே மாதிரி ஆச்சு. உங்கிட்ட சொன்னா நீ என்ன பாக்கறது மாறிடும்னு சொல்லல.”

ஒரு மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவளுக்குக் கோபம் வர வேண்டும் போல இருந்தது. ஆனால் கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி பார்க்கிற மாதிரி. அவன் விடுவித்துக்கொள்ளவில்லை.

“அவங்க எண்ணி முடிக்க எத்தினி நாளாவும்?”

“மூணு வாரம்.”

“நாளைக்கு மணலியில நாலு பொட்டி கீது” என்றான். பிறகு, “ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்” என்றான். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.